ஆக்னஸ் வீட்டின் உயரம்

1

பருத்தித்துறையிலிருந்து அண்ணா தொலைபேசி எடுத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "என்னடி, இப்பவும் ஐஸ் அளக்கிற வேலைதானோ?" நாங்கள் ஐஸை அளப்பதில்லை, ஐஸ் கரைந்த பிறகு வெளியே வருகிற நிலத்தைத்தான் அளக்கிறோம் என்று பல தடவை விளக்கிவிட்டேன். "சரி சரி" என்பார். அடுத்த மாதம் மறுபடியும் ஐஸ். இப்போது விளக்குவதையே விட்டுவிட்டேன். "ஓம் அண்ணா, ஐஸ்தான்" என்று சொல்லிவிட்டு மாங்காய் காய்த்ததா என்று கேட்கிறேன்.

இந்தக் குறிப்புகளை வாசிக்கிறவர்களும் அண்ணாவைப் போலத்தான் இருப்பீர்கள். அதனால் ஒரு தரம் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் வடகோடியில், மரமே முளைக்காத கரைகளுக்கு மேலாக ஒரு சின்ன விமானம், வயல் உழுவதைப் போல, நேர்கோட்டில் போய்ப் போய்த் திரும்புகிறது. அதன் வயிற்றில் இருக்கும் பெட்டி நிலத்தை நோக்கி லேசர் ஒளியை விட்டு விட்டு அடிக்கிறது. ஒளி தரையில் பட்டுத் திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து அந்த இடத்தின் உயரத்தைக் கணக்கிடுகிறார்கள். அடிக்கொரு புள்ளியாகக் கோடிக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து என் கணினித் திரைக்கு வருகின்றன. எது நிலம், எது கூரை, எது படகு என்று பிரித்து, நிலம் தவிர்ந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறும் தரையை மட்டும் மிச்சம் வைப்பது என் வேலை. போன வருடம் ஒரு கரடியை அழித்தேன். அது எண்ணெய்ப் பீப்பாயாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கரடி என்று சொல்லத்தான் எனக்கு விருப்பம்.

அதை ஏன் சிட்னியில் இருந்து செய்யவேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே பனி உருகி, மறுபடியும் பனி விழுவதற்கு இடையில் கிடைப்பது கொஞ்சக் கிழமைகள்தான். அதற்குள் பறந்து முடிக்கவேண்டும். அங்குள்ளவர்கள் நித்திரை கொள்ளும்போதும் வேலை நிற்கக்கூடாது. அந்த நேரத்தில் நாங்கள் விழித்திருக்கிறோம் என்பதுதான் பரமட்டாவில் இருக்கும் எங்கள் கம்பனியின் பெரிய தகுதி. ஊரில் கோயில் திருவிழாக்கள் நடக்கிற மாதங்களில் எங்களுக்கு லீவே கிடையாது. இங்கே அப்போது குளிர்காலம். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வென்ட்வேர்த்வில் ஸ்டேசனில் நான் இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்குகிறேன். வடதுருவத்தை அளக்கிறவளுக்குச் சிட்னிக் குளிர் தாங்கவில்லை என்று என் மனுசன், இவர், பகிடி பண்ணுவார். சிட்னி வீடுகள் வெளியைவிட உள்ளே ஏன் அதிகமாகக் குளிர்கின்றன என்று இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்கு விளக்கவில்லை.

2

நான் ஊரில் தொழில்நுட்பக் கல்லூரியில் நில அளவை படித்தவள். இங்கே வந்ததும், அந்தப் படிப்பை மதிப்பிடுகிற அலுவலகத்துக்கு எழுதிப் போட்டேன். பாடத்திட்டம் வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். கல்லூரியே சீல் குத்தி நேரடியாக அனுப்பவேண்டும் என்றார்கள். அண்ணா மூன்று பஸ் மாறிப் போய், கல்லூரிக் கிளார்க்கோடு சண்டை பிடித்து அனுப்புவித்தார். சீல் மங்கலாக இருக்கிறது என்று பதில் வந்தது. கடைசியில் என் படிப்பு இந்த நாட்டில் எதற்குச் சமம் என்று ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு ஒரு நில அளவையாளருக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் போயிருக்கலாம். எனக்கு ரோசம் வந்தது. முதியோர் இல்லத்து வேலைக்குப் போனேன்.

அந்த வேலையைக் குறையாகச் சொல்லமாட்டேன். குளிப்பாட்டினேன், உடுப்பு மாற்றினேன், சாப்பாடு தீத்தினேன். அங்கிருந்த முதியவர்கள் என்னைப் பிரியமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வருடக்கணக்காக ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்து கட்டிலில் விழும்போது, நான் யாராக இருந்தேன் என்பது எனக்கே மறந்து போய்க்கொண்டிருந்தது. சனி ஞாயிறுகளில் இந்தப் புள்ளி வேலையைப் படித்து முடித்து, ஒப்பந்த அடிப்படையில் பரமட்டாவில் ஒரு கதிரை கிடைத்தபோது என் முழங்கால்கள் தேய்ந்துவிட்டிருந்தன. ஒவ்வொரு பருவமும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்கமாட்டார்கள்.

மகள் அபிக்கு என் வேலையில் பெரிய மதிப்பு இல்லை. ஒரு நாள் பின்னால் நின்று திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் சம்பளம் வாங்கி வீடுகளை டிலீட் பண்ணுறீங்கள், அவ்வளவுதானே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவள் தமிழில் சொல்வது பசிக்குது, காசு தாங்கோ என்ற இரண்டும்தான். கைக்குழந்தையாக வந்தவள். இப்போது பல்கலைக்கழகத்துக்கு மெல்பேர்னுக்குப் போகவேண்டும் என்று நிற்கிறாள். சிட்னியில் இல்லாத பல்கலைக்கழகமா என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். அந்தக் குலுக்கல் எந்த மொழி என்று எனக்குத் தெரியவில்லை.

3

இனிக் கொஞ்சம் கணக்குச் சொல்லவேண்டும். பயப்படவேண்டாம், சின்னக் கணக்குத்தான்.

விமானத்துக்கும் எங்கள் கருவிகளுக்கும் உயரத்தைச் சொல்வது செயற்கைக்கோள்தான். அந்தச் செய்மதிக்குக் கடல் தெரியாது. பூமியை மழமழவென்று இருக்கும் ஒரு உருண்டையாக வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனை உருண்டையிலிருந்துதான் உயரத்தைச் சொல்லும். உண்மையான கடல் அப்படி மழமழப்பாக இல்லை. சில இடத்தில் உப்பி இருக்கும், சில இடத்தில் தாழ்ந்து கிடக்கும். உலகத்திலேயே ஆகத் தாழ்ந்து கிடக்கிற கடல் எங்கள் இலங்கைக்குத் தெற்கே இருப்பதுதான். அதனால் எங்கள் ஊர்க் கரையில் நின்று கருவியைப் போட்டால், காலடியில் அலை அடித்துக்கொண்டிருக்கும்போதே, அது கழித்தல் தொண்ணூறு மீட்டர் அளவில் ஒரு எண்ணைக் காட்டும். அதைக் கடல்மட்டத்திலிருந்து உயரமாக மாற்ற, ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு கூட்டவேண்டும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அதைப் போட்ட பிறகுதான் அந்த எண் ஆட்களுக்கு உதவும்.

சுனாமிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கில் ஒரு வெளிநாட்டு உதவி நிறுவனத்தோடு சேர்ந்து கரையை அளந்தோம். கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் திரும்ப வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம் அது. நாங்கள் முக்காலியை நிறுத்தினால் உடனே சனம் வந்துவிடும். "பிள்ளை, எங்கட வீட்டு வளவு உள்ளுக்கோ வெளியிலையோ?" என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது, நான் அளக்க மட்டும்தான் வந்தனான் என்று சொல்லுவேன். முதல் நாள் கருவியில் அந்தக் கழித்தல் எண்ணைப் பார்த்துவிட்டு எங்களோடு வேலை செய்த ஒரு பெண், "அப்ப நாங்கள் எல்லாரும் எப்பவோ கடலுக்க தாண்டு போனம்" என்றாள். அந்தக் கரையில், அந்த வருடத்தில், அதற்கும் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது. கழித்தல் உயரம் எங்களுக்கு ஒரு புதினமே இல்லை.

பரமட்டாவில் என் பக்கத்துக் கதிரையில் முருகேசன். தூத்துக்குடிக்காரர், என்னைவிட இளையவர், நிரந்தர ஊழியர். நான் முடித்த வேலையைச் சரிபார்த்து வெளியே அனுப்புவது அவருடைய பொறுப்பு. அவரும் ஊரில் துறைமுகப் பக்கம் அளவை வேலை செய்தவர். அவருடைய ஊரிலும் கழித்தல்தான்.

4

அந்தப் பருவத்தில் எங்களுக்குக் கிடைத்தது ஒரு கரையோரக் கிராமம். இனூயிட் மக்கள் வாழும் இடம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கூழாங்கல் திடலில் வரிசையாக வீடுகள். ஒரு காலத்தில் வருடம் முழுவதும் உறைந்து கிடந்த மண் இப்போது இளகி, கரை துண்டு துண்டாக இடிந்து விழுகிறது. புயல் வந்தால் தண்ணீர் வீடுகளுக்குள் வருகிறது. எங்கள் உயர வரைபடத்தை வைத்துத்தான், எந்தெந்த வீடுகள் புயல்நீர் வரும் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன என்று கிராமசபை முடிவு செய்யும். கீழே இருப்பவர்களுக்கு முதலில் தெற்கே உள்ள நகரத்தில் வாடகை வீடு கொடுப்பார்கள். மேட்டில் புதுக் குடியிருப்புக் கட்டி முடிந்ததும் திரும்பலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

கிழமைக்கு ஒருமுறை காணொளியில் கூட்டம். எங்களுக்குக் காலை, அவர்களுக்கு முந்தின நாள் பின்னேரம். கிராமசபையிலிருந்து வருபவள் ஆக்னஸ். என் வயதிருக்கும், அல்லது ஒன்றிரண்டு கூட. அகலமான முகம், மெதுவான பேச்சு. என் திரையில் உள்ள ஒவ்வொரு புள்ளிக் குவியலுக்கும் அவள்தான் பெயர் சொல்லுவாள். இது எண்ணெய்த் தாங்கி, இது கவிழ்த்து வைத்த படகு, இது பழைய குளிர்சாதனப் பெட்டி, அதை ஒருவரும் எடுத்துப் போகமாட்டார்கள். நான் பழக்கதோசத்தில் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே குறித்துக்கொள்வேன். எங்கள் மேலாளர் ஹெலன் அதை ஏதோ தியானம் என்று நினைத்து, கூட்டத்துக்கு முன் மனதை அமைதிப்படுத்துவது நல்ல பழக்கம் என்று ஒருமுறை பாராட்டினாள். ஆக்னஸ் மட்டும் கேட்டாள்.

"நீங்கள் சொல்வது 'யெஸ்' தானே?"

"ஓம்," என்றேன்.

அடுத்த கிழமை அவளே "ஓம்" சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் ஹெலன் வருவதற்கு முன் ஆக்னஸ் திரையில் தனியாக இருந்தாள். "திடலின் நுனியில் நீல வீடு ஒன்று இருக்கிறது, பார்த்தீர்களா?" என்று கேட்டாள். லேசருக்கு நிறம் தெரியாது என்றேன். "நுனியில் கடைசி வீடு. அது என்னுடையது. மனுசன் கட்டினது. மனுசன் இப்ப இல்லை." அவளுடைய மகள் வேலைக்கு எங்கேயோ போய்விட்டாள். பேரனும் ஆக்னஸும் மட்டும்தான் அந்த வீட்டில். "அது புயல்நீர்க் கோட்டுக்கு உள்ளே வருமா, வெளியே வருமா?"

வடமராட்சிக் கரையில் என்னிடம் கேட்ட அதே கேள்வி. நான் இன்னும் கணக்கு முடியவில்லை என்றேன்.

"போ என்று ஆட்கள் சொன்னால் போகமாட்டேன்," என்றாள் ஆக்னஸ். "வருடா வருடம் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். உங்கள் வரைபடம் சொன்னால் போவேன். இயந்திரத்துக்கு என்மேல் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை."

அன்று அந்த நீல வீட்டை நான்தான் அழித்தேன். கூரையின் புள்ளிகளைத் தெரிவுசெய்து நீக்கினால் கீழே தரை இருக்கும் இடத்தில் ஒரு சதுர ஓட்டை விழும். சுற்றியுள்ள நிலத்தை வைத்து அதை நிரப்பவேண்டும். வழக்கமாக அதற்குக் கண்ணிமைக்கும் நேரம்தான் எடுப்பேன். அன்றைக்குக் கொஞ்சம் மெதுவாகச் செய்தேன்.

5

வரைபடம் போய்ச் சேர்ந்தது. கிராமம் முழுவதும் புயல்நீர் மட்டத்துக்குக் கீழே. வரைபடத்தில் அப்படிப்பட்ட இடங்களுக்குச் சிவப்பு. திடலின் அடியிலிருந்து நுனிவரை ஒரே சிவப்பாக இருந்தது. கரை இடிகிற ஊர், புயல் புகுகிற ஊர், அப்படித்தானே இருக்கும் என்று நான் கவலைப்பட்டேன். சந்தேகப்படவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஆக்னஸ் வரவில்லை. ஒரு இளைஞன் வந்தான். அவள் லீவில் இருப்பதாக நினைத்தேன். அங்கே அது பெரி பழங்கள் பறிக்கிற காலம் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். அந்தக் கிழமைகளில் என் வீட்டிலும் நிம்மதி இல்லை. அபி மெல்பேர்னுக்கு விண்ணப்பித்துவிட்டு எனக்குப் பிறகு சொன்னாள். நான் குசினிக்குள் நின்று சத்தம் போட்டேன். இவர் இடையில் புகுந்து, "விடப்பா, பிள்ளை சந்தோசமா இருக்கட்டும்" என்றார். பிள்ளை சந்தோசமாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் மெல்பேர்னிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அந்தக் கரைக்கு அலைத்தடுப்புச் சுவர் வடிவமைக்கும் ஒரு பொறியியலாளர். பனியையும் பார்த்ததில்லை, எங்கள் கரையையும் பார்த்ததில்லை. ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இந்தக் கிராமம் கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதாக உங்கள் தரவு சொல்கிறது, அங்கே ஆட்கள் எப்படி நடந்து திரிகிறார்கள்?

ஹெலன் முருகேசனையும் என்னையும் அறைக்குள் கூப்பிட்டாள். பிழை சின்னது. விமானம் ஓட்டிய கம்பனி, அந்தக் கிராமத்துத் தரவை ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று குறித்து அனுப்பியிருந்தது. மாற்றப்படவில்லை. அட்டவணை போடாத உயரங்கள் அவை. எங்கள் ஊர் அளவுக்கு இல்லாவிட்டாலும், அந்தக் கரையிலும் சில மீட்டர் கழித்தல்தான். கடலின் உயரம் தரவில் இருந்திருந்தால் ஒப்பிட்டுப் பிடித்திருக்கலாம். ஆனால் தண்ணீர் லேசர் ஒளியை விழுங்கிவிடும், கடல் இருக்கும் இடம் வெறும் கறுப்பாகத்தான் வரும். ஆக, மேடும் பள்ளமும் எல்லாம் சரியாகவே இருந்தன. முழு ஊரும் அப்படியே சில மீட்டர் இறங்கி உட்கார்ந்திருந்தது.

"தரை கழித்தலில் இருப்பதைப் பார்த்ததும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?" என்று ஹெலன் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பினாள்.

நான் பேச வாயெடுத்தேன். முருகேசன் முந்திக்கொண்டு, சரிபார்த்தது நான்தான், கையெழுத்தும் என்னுடையது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, எங்க ஊர்ல பத்து வருஷம் மைனஸ்லயே வேல பாத்தேன். மைனஸ பாத்தா எனக்கு வீட்டு ஞாபகந்தான் வருது. தப்புன்னு தோணவே மாட்டேங்குது."

"எனக்கும் அப்பிடித்தான்," என்றேன்.

ஹெலன் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். முருகேசன் அதையே ஆங்கிலத்தில் விளக்கப் பார்த்தார். உலகத்தில் ஆகத் தாழ்ந்த கடல், எங்கள் ஊர்கள், கருவி காட்டும் எண்கள். ஹெலன் கெட்டவள் இல்லை. கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, தரை கழித்தலில் வந்தால் இரண்டாவது ஆளிடம் காட்டவேண்டும் என்று சரிபார்ப்பு விதிகளில் ஒரு வரி சேர்த்தாள். இதற்கு ஒருவரையும் குறை சொல்லப்போவதில்லை என்றாள். என் ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதை எழுதும் நேரம்வரை புதுப்பிக்கும் கடிதம் வரவில்லை.

திருத்துவதற்கு ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. அட்டவணையைப் போட்டதும் ஊர் முழுவதும் எழும்பி வந்தது. அடிப்பக்கத்தில் கொஞ்ச வீடுகள் இன்னும் சிவப்புத்தான். ஆனால் திடலின் நுனி, கூழாங்கல் குவிந்து, ஊரிலேயே மேடான இடங்களில் ஒன்றாக இருந்தது. ஆக்னஸின் மனுசன் அதைத் தெரிந்துதான் அங்கே வீடு கட்டியிருப்பான். நான் அந்தச் சதுரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல உயரம். எந்தப் புயலுக்கும் பயப்படத் தேவையில்லாத உயரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அவளுடைய காலத்துக்கும் பேரனுடைய பாதிக் காலத்துக்கும் போதும். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. இந்தச் செய்தியை நானே அவளுக்குச் சொல்லவேண்டும் என்று ஹெலனிடம் கேட்டேன்.

6

கூட்டம் போன கிழமை நடந்தது. திரையில் கிராமசபைக்காரர்கள் ஒரு பெட்டியில், ஹெலனும் முருகேசனும் நானும் ஒரு பெட்டியில். மூன்றாவது பெட்டியில் ஆக்னஸ். பின்னால் வெள்ளைச் சுவர், ஒரு புதுச் சோபா, யன்னலில் ஒரு மரம். மரத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவளுடைய ஊரில் மரம் கிடையாது.

வரைபடம் கிராம மண்டபத்தில் தொங்கவிடப்பட்ட கிழமையே அவள் ஊரைவிட்டுப் போகச் சம்மதம் சொல்லிவிட்டாளாம். குளிர் இறுகுவதற்கு முன் போகிறவர்களுக்கு விமானம் ஏற்பாடு செய்திருந்தார்கள். வீட்டுத் தண்ணீர்க் குழாய்களை வடித்து, அடுப்பை அணைத்து, யன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டு, பேரனோடு வந்துவிட்டாள். அவளைப் பார்த்து வேறு சில குடும்பங்களும் வந்தன.

ஹெலன் எங்கள் கம்பனி சார்பில் வருத்தம் தெரிவித்தாள். சட்டப் பிரிவில் பார்த்து எழுதிய வசனங்கள் என்பது கேட்கும்போதே தெரிந்தது. ஆக்னஸ் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊர் கடலுக்குக் கீழே என்று படம் போட்டிருந்ததே," என்று நான் கேட்டேன். "உங்களில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா?"

"வரவில்லை," என்றாள். "மண் இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். இறங்கி இறங்கி எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரியாமல் இருந்தது. படம் பார்த்தபோது, ஓ, இவ்வளவா என்று நினைத்தோம்."

நான் திருத்திய வரைபடத்தைத் திரையில் போட்டேன். நுனியைக் காட்டினேன். உங்கள் வீடு கோட்டுக்கு வெளியே, நல்ல மேட்டில் இருக்கிறது, நீங்கள் அங்கேயே இருக்கலாம் என்று சொன்னேன். அவள் திரைக்குக் கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தாள். கிராமசபை ஆள், திரும்பி வருகிறவர்களுக்கு விமானச் செலவை நாங்கள் பார்க்கிறோம், இந்த மாதமே வரலாம், வீட்டைச் சூடாக்கித் தருகிறோம் என்றான்.

"சந்தோசம்," என்றாள் ஆக்னஸ். "பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டான். இந்த வருடப் படிப்பு முடியட்டும். பிறகு பார்ப்போம்."

கிராமசபை ஆள் தலையாட்டிக் குறித்துக்கொண்டான். அது நியாயமான திட்டம் என்று ஹெலன் சொன்னாள். நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த வசனத்தை நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். யுத்தம் முடியட்டும் என்று சொன்னோம். முடிந்தது. அபி நேர்சரி முடிக்கட்டும் என்றோம். ஆறாம் வகுப்பு முடிக்கட்டும், ஹைஸ்கூலில் நண்பிகளைப் பிரிக்கக்கூடாது, கடைசிச் சோதனை முடியட்டும். இவரும் நானும் ஒருநாளும் ஊருக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுக்கவில்லை. அப்படி உட்கார்ந்து பேசியதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு வருடத்தைத்தான் தள்ளிப் போட்டோம். இப்போது அபி மெல்பேர்னுக்குப் போகிறாள், நாங்கள் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறோம்.

கூட்டத்தில் நான் பேசவேண்டிய பகுதி முடிந்துவிட்டிருந்தது. ஆனாலும் பேசினேன்.

"ஆக்னஸ், படிப்பு முடியும்வரை நிற்கவேண்டாம். இப்போதே போங்கள். இந்த மாதமே போங்கள்."

ஹெலன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். முருகேசன் குனிந்து மேசையைப் பார்த்தார். எங்கள் வேலை உயரத்தைச் சொல்வது மட்டும்தான், போ வா என்று சொல்வது இல்லை. அது எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆக்னஸ் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்கள் உங்கள் ஊருக்குத் திரும்பிப் போனீர்களா?"

"லீவில் போனேன்," என்றேன்.

"லீவில்," என்று அவள் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு மணியைப் பார்த்தாள். பேரனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டுமாம். அவர்கள் ஊரில் கடல் வாசலில் இருந்தாலும் ஒருவரும் அதில் இறங்கி நீந்துவதில்லை, குளிரில் செத்துப்போவார்கள். இங்கே சுடுதண்ணீர்க் குளம் இருக்கிறது. அவனுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டே எழும்பினாள்.